முகம் மாறும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்?

ஒரு தொடரின் நாயகன் வேடத்தில் நடிப்பவர் விலகிவிட்டார். தொடரை நிறுத்த மனமில்லை. என்ன செய்யலாம்?

நம் ஊர் சீரியல்களில் இதற்கு நேரடியான வழி ஒன்று உண்டு. ‘இவருக்குப் பதில் இனி இவர்’ என்று திரையில் ஒரு வரி வரும். அடுத்த காட்சியில் புதியவர் அதே வீட்டுக்குள் நடமாடுவார். நாலு நாள் உறுத்தும், அப்புறம் பழகிவிடும். குடும்பக் கதையில் வேறு வழியும் இல்லை. அறிவியல் புனைவுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அந்த உலகத்தின் விதிகளை எழுதுவதே கதாசிரியர்தான். நடிகர் மாறுவதையும் கதைக்குள் ஒரு விதியாக எழுதிவிடலாம். அப்படி எழுதிவைத்து, இடையில் நீண்ட இடைவெளி விழுந்தும், 60 ஆண்டுகளைத் தாண்டி வந்திருப்பது பிபிசியின் ‘டாக்டர் ஹூ’.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். டாக்டர் என்று மட்டுமே அழைக்கப்படும் ஒரு வேற்றுக்கிரகவாசி, நீல நிறப் போலீஸ் பெட்டி வடிவில் இருக்கும் டார்டிஸ் என்ற கலத்தில் காலத்துக்குள்ளும் விண்வெளிக்குள்ளும் பயணம் போகிறார். கூடவே ஒருவரோ இருவரோ துணைக்குப் போவார்கள், பெரும்பாலும் பூமியிலிருந்து. சாகும் நிலை வந்தால் அவருடைய உடம்பு தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். முகம், வயது, குரல், குணம் எல்லாம் மாறும். நினைவு மட்டும் தொடரும். இதற்கு ரீஜெனரேஷன் என்று பெயர். கூடு விட்டுக் கூடு பாய்வது மாதிரி இல்லை இது. கூடே வேறாகிவிடுகிறது.

‘அதான் ரீஜெனரேஷன் இருக்கிறதே, அந்தத் தொடருக்கு என்ன கவலை?’ என்று பலரும் நினைக்கிறார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். மாற்றங்களை வரிசையாகப் பார்த்த பிறகுதான், அந்த ஒரே சொல்லுக்குள் நாலைந்து வெவ்வேறு முடிவுகள் இருப்பது புரிந்தது. சில முடிவுகள் தொடரைக் காப்பாற்றின. ஒன்றிரண்டு அதைக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தின. எல்லாவற்றிலும் உடம்பு மாறும் வித்தை ஒன்றுதான். வேறுபட்டது, அந்த நேரத்தில் டாக்டரின் பக்கத்தில் யார் நின்றார்கள் என்பது.

முதலில் மற்றத் தொடர்கள் எடுத்த வழிகளைப் பார்த்துவிடலாம்.

போனவர் போகட்டும் என்று அந்த இடத்துக்கு வேறொரு பாத்திரத்தைக் கொண்டுவருவது ஒரு வழி. ‘பாபிலோன் 5’ முதல் சீசனில் விண்வெளி நிலையத்தின் தளபதி ஜெஃப்ரி சிங்க்ளேர். நடித்தவர் மைக்கேல் ஓ’ஹேர். 1994-ல் இரண்டாவது சீசன் தொடங்கியபோது அந்த நாற்காலியில் ப்ரூஸ் பாக்ஸ்லைட்னர் நடித்த ஜான் ஷெரிடன் இருந்தார். ஓ’ஹேர் கடுமையான மனநோயோடு போராடிக்கொண்டே முதல் சீசனை நடித்து முடித்திருந்தார். தொடரை உருவாக்கிய ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி இதை வெளியே சொன்னது, 2012-ல் ஓ’ஹேர் மறைந்த பிறகுதான். அதுவரை அந்த ரகசியத்தைக் காத்தார். அதோடு, சிங்க்ளேர் என்ற பாத்திரத்தையும் பாதியில் கைவிடவில்லை. மூன்றாவது சீசனில் ஓ’ஹேர் இரண்டு பகுதிகளுக்குத் திரும்பி வந்தார். கதையில் சிங்க்ளேர் ஆயிரம் ஆண்டு பின்னோக்கிப் போய், மின்பாரி இனம் போற்றும் வாலென் என்ற தலைவராக மாறினார். முதல் சீசனில் விழுந்திருந்த முடிச்சுகள் அங்கே அவிழ்ந்தன. நான் பார்த்தவரை, விலகிய நாயகனுக்கு இவ்வளவு மரியாதையான முடிவைக் கொடுத்த தொடர் வேறில்லை.

ஆனால் இந்த வழிக்கு ஒரு விலை உண்டு. புதியவரை நாம் பூஜ்யத்திலிருந்து நேசிக்க ஆரம்பிக்க வேண்டும். ‘ஸ்டார்கேட் எஸ்ஜி-1’ தொடரில் எட்டு சீசன்கள் நாயகனாக இருந்த ரிச்சர்ட் டீன் ஆண்டர்சன் ஒதுங்கியதும், 2005-ல் ஒன்பதாவது சீசனில் பென் ப்ரவ்டர் புதுத் தலைவராக வந்தார். திறமையான நடிகர். குழுவின் மற்றப் பழைய முகங்களும் இருந்தன. இருந்தும் அந்தக் கடைசி இரண்டு சீசன்களில் ஆண்டர்சன் நடித்த ஓ’நீலின் இடம் எனக்குக் காலியாகவே தெரிந்தது. ‘பிளேக்ஸ் 7’ கதை வேறு மாதிரி. தலைப்பில் பெயர் இருக்கும் பிளேக்கே இரண்டாவது சீசனோடு கிளம்பிவிட்டார். பால் டாரோ நடித்த ஏவன் தலைமைக்கு வந்தார். அது தாங்கியதற்குக் காரணம், ஏவன் முதலிலிருந்தே பிளேக்கோடு முட்டிக்கொண்டு நின்றவர். நமக்கு அவரை ஏற்கெனவே தெரியும். பிளேக் இல்லாததை அவர் முகத்திலேயே பார்க்க முடிந்தது.

பாத்திரத்தை அப்படியே வைத்துக்கொண்டு நடிகரை மட்டும் மாற்றுவது இரண்டாவது வழி. சீரியல்களின் வழி. ‘ஸ்டார் ட்ரெக்’ படங்களில் சாவிக் என்ற பாத்திரத்தை 1982-ல் கிர்ஸ்டி ஆலியும் 1984-ல் ராபின் கர்ட்டிஸும் நடித்தார்கள். கதையில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. துணைப் பாத்திரம் என்பதால் போய்விட்டது. அதே வரிசையில் 2009-ல் கர்க், ஸ்பாக் எல்லோரையும் இளைஞர்களாகப் புதிதாக நடிக்கவைத்தபோது இவ்வளவு எளிதாகக் கடக்க முடியவில்லை. காலக்கோடே கிளைத்துவிட்டது என்று காரணம் சொன்னார்கள். அதோடு நிற்காமல் லெனார்ட் நிமாயை, பழைய ஸ்பாக்காகவே, படத்துக்குள் கொண்டுவந்தார்கள். பனிக் குகையில் அந்த முதியவர் கிறிஸ் பைனைப் பார்த்து கர்க் என்று அடையாளம் கண்டுகொண்டதும், நாமும் கண்டுகொண்டோம். காலக்கோடு பற்றிய விளக்கம் சாதிக்காததை அந்த ஒரு பார்வை சாதித்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப இங்கேதான் வரப்போகிறேன்.

‘ஸ்லைடர்ஸ்’ தொடர் 1999-ல் ரீஜெனரேஷனுக்கு மிக அருகில் வந்தது. நாயகன் ஜெர்ரி ஓ’கானல் போன பிறகு, அவருடைய பாத்திரம் வேறொரு உலகத்தின் இணை உருவத்தோடு ஒரே உடம்பில் கலந்துவிட்டதாகச் சொல்லி ராபர்ட் ஃப்ளாயிடைக் கொண்டுவந்தார்கள். அவசரத்துக்குப் போட்ட ஒட்டு அது. அந்த சீசனே கடைசி.

இப்போது 1966-க்குப் போவோம்.

டாக்டராக முதலில் நடித்த வில்லியம் ஹார்ட்னெலுக்கு அப்போது 58 வயது. ரத்தக் குழாய்கள் இறுகும் நோய். வசனம் மறக்க ஆரம்பித்திருந்தது. தொடரோ குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து பார்க்கிற சனிக்கிழமை வழக்கமாகிவிட்டது. அதே ஆண்டின் தொடக்கத்தில் வேறொரு யோசனை பேசப்பட்டது: ஒரு கதையில் டாக்டர் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார், திரும்பத் தெரியும்போது வேறு நடிகராக இருக்கட்டும். அதாவது வில்லன் செய்த மாயம், அவ்வளவுதான். அது நடக்காமல் போனது தொடரின் அதிர்ஷ்டம் என்றே நினைக்கிறேன். அந்த வழியில் போயிருந்தால் மாற்றம் டாக்டருக்கு வெளியிலிருந்து யாரோ செய்ததாக இருந்திருக்கும். அடுத்த முறை நடிகர் விலகும்போது இன்னொரு மாயக்காரனைத் தேட வேண்டும்.

தயாரிப்பாளர் இன்னஸ் லாய்டும் கதைப் பொறுப்பாளர் ஜெர்ரி டேவிஸும் எடுத்தது வேறு முடிவு. மாற்றம் டாக்டரின் உடம்புக்கே உள்ள இயல்பு. 1966 அக்டோபர் 29 அன்று ‘தி டென்த் பிளானட்’ கதையின் நான்காவது பகுதி முடியும்போது, களைத்துப்போன கிழவர் டார்டிஸின் தரையில் சரிகிறார். முகம் வெளிச்சத்தில் கரைந்து பாட்ரிக் ட்ரௌட்டனின் முகமாகிறது. அந்தப் பகுதியின் முழுப் பதிவு இன்று இல்லை. முகம் மாறும் அந்தச் சில விநாடிகள் மட்டும் தப்பிப் பிழைத்திருக்கின்றன. ரீஜெனரேஷன் என்ற சொல்கூட அப்போது கிடையாது. அது 1974-ல்தான் தொடருக்குள் வந்தது.

எல்லோரும் கொண்டாடுவது அந்தச் சில விநாடிகளை. எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு வாரம் கழித்து, நவம்பர் 5-ல் தொடங்கிய அடுத்த கதை. ட்ரௌட்டனுக்கு ஹார்ட்னெல் மாதிரி நடிக்கும் எண்ணமே இல்லை. ரெக்கார்டர் குழல் ஊதுகிறார், குறும்பாகப் பேசுகிறார், டாக்டரைப் பற்றி யாரோ மூன்றாம் மனிதரைப் போலப் பேசுகிறார். கூட இருந்த பென், பாலி இருவரும் என்ன செய்வார்கள்? பாலி நம்பப் பார்க்கிறாள். பென் நம்ப மறுக்கிறான். டாக்டரின் மோதிரத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தால் அது புதிய விரலில் நிற்கவில்லை. இவர் டாக்டர் இல்லை என்பதற்கு அவனிடம் சாட்சியம் இருக்கிறது! வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களின் மனதில் இருந்த அத்தனை எரிச்சலையும் பென் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறான். அப்புறம் வருவது டாலெக். டாக்டரின் மிகப் பழைய எதிரி. மனிதர்கள் தயங்கிக்கொண்டிருக்கும்போது அந்த இயந்திரம் புதிய முகத்தைப் பார்த்ததுமே இவர் யார் என்று தெரிந்துகொள்கிறது. நண்பன் சந்தேகப்படுகிறான், எதிரி அடையாளம் காட்டுகிறான். இதைவிடச் சிறந்த சான்றிதழை யார் எழுத முடியும்?

இதை நான் ‘டாக்டர் ஹூ’வின் முதல் வழி என்று வைத்துக்கொள்கிறேன்: டாக்டர் மாறட்டும், கூட இருப்பவர் மாறக் கூடாது. அவர் சந்தேகப்படட்டும், அதுவும் நன்றாகவே சந்தேகப்படட்டும்.

2005-ல் இதே வழி இன்னும் நுணுக்கமாக வந்தது. 16 ஆண்டுகளுக்குப் பிறகு வாராந்திரத் தொடராகத் திரும்பிய ‘டாக்டர் ஹூ’ மார்ச் 26-ல் ஒளிபரப்பானது. நாயகன் கிறிஸ்டோபர் எக்லெஸ்டன் ஒரே சீசனோடு விலகுகிறார் என்ற செய்தி அந்த வாரமே வெளியே வந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்த பார்வையாளர்களில் பலருக்கு ரீஜெனரேஷன் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. அவர்களுக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர்தான். ஜூன் 18-ல் அவர் பொன்னிற வெளிச்சமாக வெடித்து டேவிட் டென்னன்ட் ஆகிறார். எதிரே நிற்பது பில்லி பைப்பர் நடித்த ரோஸ். தொடரே அவளுடைய கண் வழியாகத்தான் தொடங்கியிருந்தது. நவம்பரில் நிதி திரட்டும் நிகழ்ச்சி ஒன்றுக்காக எடுத்த சின்னக் காட்சியில், திரும்பப் பழையபடி மாற முடியுமா என்று ரோஸ் கேட்கிறாள். அப்படி மாறணுமா என்று அவர் கேட்க, ஆமாம் என்கிறாள். அந்த ஆமாம் அவர் முகத்தில் விழும் அடியைப் பார்க்க வேண்டும். இவருக்கு வலிக்கிறது என்றால், இவருக்கு அவளைத் தெரியும் என்றுதானே அர்த்தம்?

அடுத்து அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் கதை. புது நாயகனின் முதல் கதையில் அவரைப் பெரும்பகுதி நேரம் படுக்கையில் தூங்கவிட்டார்கள், ரோஸின் அம்மா வீட்டில், பைஜாமாவில். இது துணிச்சலான முடிவு. வெளியே வேற்றுக்கிரகப் படை வந்து நிற்கிறது, ரோஸ் தனியாகத் தடுமாறுகிறாள். டாக்டர் வேண்டும், யாராக இருந்தாலும் பரவாயில்லை என்ற நிலைக்கு அவளும் வருகிறாள், நாமும் வருகிறோம். அப்போதுதான் அவர் கண் விழித்து டார்டிஸ் கதவில் வந்து நிற்கிறார். பழையவரை நினைத்து ஏங்கிக்கொண்டிருந்த மனதை, புதியவருக்காகக் காத்திருக்கும் மனதாக ஒரு மணி நேரத்தில் மாற்றியிருந்தார்கள்.

பீட்டர் கபால்டி டாக்டராக வந்தபோதும் (2014) தோழி கிளாரா சந்தேகப்பட்டாள். கடைசியில் அவருக்கு முந்தைய டாக்டரான மேட் ஸ்மித்தே இறந்த காலத்திலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, இவரைக் கைவிட்டுவிடாதே என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. 2009-ல் நிமாய் செய்த அதே வேலை. ஸ்மித்தின் இளமையை விரும்பிப் பார்த்தவர்களுக்கு 55 வயதில் தேர்வான கபால்டியைக் கொடுக்கும்போது அந்த அழைப்பு தேவைப்பட்டது. ஆனால் கொஞ்சம் அதிகமாகவே கெஞ்சிவிட்டது அந்தக் கதை என்பதும் என் எண்ணம்.

இரண்டாவது வழி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவது. 1970 ஜனவரியில் ஜான் பெர்ட்வீ வந்தபோது டாக்டர் புதிது, தோழி புதிது, தொடரும் கறுப்பு வெள்ளையிலிருந்து வண்ணத்துக்கு மாறியது. டார்டிஸ் வேலை செய்யாது, டாக்டர் பூமியிலேயே தங்க வேண்டும் என்று கதையின் களமே மாறியது. ஆனால் கவனியுங்கள், ஒரே ஒருவரை விட்டுவைத்தார்கள்: பிரிகேடியர் லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட். ட்ரௌட்டனின் கதைகளில் வந்த ராணுவ அதிகாரி. அவர் மருத்துவமனைக்கு வந்து பார்த்து, இந்த ஆளை எனக்குத் தெரியாது என்கிறார். அப்புறம் மெல்ல மெல்ல ஒப்புக்கொள்கிறார். எல்லாம் மாறியதாகத் தோன்றினாலும் சாட்சி ஒருவர் இருந்தார்.

2010-ல் சாட்சியே இல்லை. டென்னன்ட் போனார், எழுத்துப் பொறுப்பாளர் ரஸ்ஸல் டி. டேவிஸும் போனார். ஸ்டீவன் மோஃபட் பொறுப்பேற்றார், 26 வயதில் தேர்வான மேட் ஸ்மித் நாயகன், தோழி, டார்டிஸின் உட்புறம், முத்திரைப் பாடலின் அமைப்பு, எல்லாமே புதிது. இது தோற்க வேண்டிய முடிவு, என் கணக்குப்படி. தோற்கவில்லை. ஏன் என்று யோசித்தால், மோஃபட் ஒரு சாட்சியைக் கதைக்குள்ளேயே தயாரித்துக்கொண்டார். கிழிந்த பழைய உடையோடு டாக்டர் ஒரு சிறுமியின் தோட்டத்தில் வந்து விழுகிறார். ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்று சொல்லிப் போனவர் 12 ஆண்டு கழித்து வருகிறார். அந்தச் சிறுமி வளர்ந்து எமி ஆகியிருக்கிறாள். இப்படி ஒருவர் வந்தார் என்று சொல்லிச் சொல்லி, யாரும் நம்பாமல் காத்திருந்தவள். நமக்கு இவரைத் தெரிந்து இருபது நிமிடம்தான். அவளுக்கோ வாழ்நாளில் பாதி. முடிவில் எதிரிகளுக்கு முன்னால் பத்து பழைய முகங்களும் வரிசையாகத் தோன்ற, அந்தப் பிம்பத்தைக் கிழித்துக்கொண்டு ஸ்மித் நடந்து வருகிறார். என் மகளுக்குத் தொடரைக் காட்ட ஆரம்பித்தபோது இந்தக் கதையிலிருந்துதான் தொடங்கினேன். பழசு ஒன்றுமே தெரியாமல் அவள் ஒட்டிக்கொண்டாள். புதியவர்களை உள்ளே அழைக்க இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

2018 அக்டோபர் 7. தொடரின் வரலாற்றிலேயே பெரிய மாற்றம்: ஜோடி விட்டேக்கர், முதல் பெண் டாக்டர். கதையில் இதற்கான நிலத்தை முன்பே உழுது வைத்திருந்தார்கள். டாக்டரின் பழைய எதிரியான மாஸ்டர் 2014-லேயே பெண்ணாகியிருந்தார். முதல் கதையை பிரிட்டனில் ஒரு கோடியே ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் பார்த்தார்கள். விட்டேக்கர் ரயிலின் கூரையைப் பிய்த்துக்கொண்டு விழும் காட்சியிலிருந்தே உற்சாகமாக இருந்தார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். குறை திட்டத்தில். எழுத்துப் பொறுப்பு புதிது, இசை புதிது, கூட வரும் மூவரும் புதிது, அந்த சீசனில் பழைய எதிரி ஒருவர்கூட இல்லை. அரை மணி நேரம் முன்பு நான் நரைத்த தலை ஸ்காட்லாந்துக்காரர் என்று அவர் சொல்லும்போது, கேட்டுக்கொண்டிருக்கும் யாருக்கும் அந்த ஸ்காட்லாந்துக்காரரான கபால்டியைத் தெரியாது. அந்த வரி காற்றில் போய்விடுகிறது. கபால்டியின் மாணவியாக இருந்த பில் பாட்ஸ் அந்த ரயிலில் இருந்திருந்தால்? ஏற்க மறுத்த பார்வையாளர்கள் வெளியே நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுடைய தயக்கத்தைக் கதைக்குள் அன்போடு பேச ஒரு குரல் இருந்திருந்தால், அந்தப் பேச்சு முழுக்க இணையத்தில் கசப்பாக நடந்திருக்க வேண்டியதில்லை. மிகப் பெரிய மாற்றத்துக்குத்தான் மிக நெருக்கமான சாட்சி தேவை. அங்கேதான் ஒருவரும் இல்லை.

சாட்சி இருந்தும் கெட்டுப்போனது ஒன்று உண்டு. அது நேரம் பற்றிய பாடம். 1984 மார்ச்சில் பீட்டர் டேவிசனின் டாக்டர் ‘தி கேவ்ஸ் ஆஃப் ஆண்ட்ரோசானி’ கதையில் தன் தோழி பெரியைக் காப்பாற்றிவிட்டு இறந்தார். அருமையான முடிவு. அடுத்த வாரமே, அதே சீசனின் கடைசிக் கதையாக, காலின் பேக்கரின் முதல் கதை. புது டாக்டர் மனம் தடுமாறி, தன்னைக் காப்பாற்ற உயிர் கொடுத்தவர் என்று பெரி நம்பும் அதே ஆள், அவள் கழுத்தை நெரிக்கிறார். பென் மாதிரி அவளும் சந்தேகப்படுகிறாள். ஆனால் அவள் சந்தேகம் தீரும்படி கதை ஒன்றும் செய்யவில்லை. அதோடு சீசன் முடிந்தது. அடுத்த கதைக்கு 1985 ஜனவரி வரை, ஒன்பது மாதம், மக்கள் மனதில் இருந்த கடைசிப் படம் அதுதான். ‘டாக்டர் ஹூ’ இதழ் 2009-ல் அதுவரை வந்த 200 கதைகளுக்கு வாசகர் வாக்கெடுப்பு நடத்தியது. ஆண்ட்ரோசானி முதலிடம். அதற்கு அடுத்து வந்த கதை 200-வது இடம். 1985-லேயே தொடர் 18 மாதம் நிறுத்திவைக்கப்பட்டது. காலின் பேக்கர் 1986-ல் நீக்கப்பட்டார். விடைபெறும் காட்சிக்கு வர அவர் மறுத்ததால், அடுத்து வந்த சில்வெஸ்டர் மெக்காய் சுருட்டை முடி விக் வைத்து, தன் முன்னவராகத் தரையில் குப்புறக் கிடக்க வேண்டியதாயிற்று. போகிறவரை மரியாதையாக அனுப்பாவிட்டால், வருகிறவர் அவருடைய விக்கோடுதான் தொடங்க வேண்டியிருக்கும்.

இதற்கு நேரெதிர் 1981. ஏழு ஆண்டு டாக்டராக இருந்த டாம் பேக்கர் போகிறார். ஒரு தலைமுறைக் குழந்தைகளுக்கு வேறு டாக்டரே தெரியாது. அவருடைய கடைசிக் கதைகளிலேயே புதிய துணைவர்களைச் சேர்த்தார்கள். மூன்று பேர் டேவிசனிடம் போனார்கள். இடைவெளியில் பிபிசி பழைய டாக்டர்களின் கதைகளை மறு ஒளிபரப்பு செய்து, முகம் மாறுவது இந்தத் தொடருக்குப் புதிதல்ல என்று நினைவூட்டியது. படப்பிடிப்பிலும் ஒரு நல்ல வேலை செய்தார்கள். டேவிசனின் முதல் கதையை முதலில் எடுக்கவில்லை. வேறு மூன்று கதைகளை எடுத்து, அவர் பாத்திரத்துக்குள் உட்கார்ந்த பிறகுதான் அதை எடுத்தார்கள். அந்தக் கதையில் அவர் டாம் பேக்கரின் புகழ்பெற்ற நீளச் சால்வையைப் பிரித்து, டார்டிஸின் தாழ்வாரங்களில் வழி தவறாமலிருக்க நூலாக விட்டுக்கொண்டே போவார். பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.

1996-ல் அமெரிக்காவோடு சேர்ந்து எடுத்த தொலைக்காட்சிப் படத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டாக்டரை அதிகம் அறியாத நாட்டுக்கு, முதலில் மெக்காயைக் காட்டி, அவரைக் கொன்று, பால் மெக்கானைக் கொடுத்தார்கள். இழப்பதற்கு முன் நேசிக்க நேரம் கொடுக்கவில்லை. தொடர் உருவாகவில்லை. 2005-ல் ரஸ்ஸல் டி. டேவிஸ் முகம் மாறும் காட்சியையே காட்டாமல் எக்லெஸ்டனை நேராக நடக்கவிட்டது இந்தப் பாடத்தைப் படித்துத்தான் என்று தோன்றுகிறது.

மூன்றாவது வழி புதிது: பழைய முகத்துக்கே திரும்புவது. 2022 அக்டோபரில் விட்டேக்கர் தனியாக ஒரு பாறைமுனையில் நின்று மாறியபோது வந்தது மறுபடி டென்னன்ட். அடுத்த ஆண்டு மூன்று சிறப்புக் கதைகள். மூன்றாவதில், 2023 டிசம்பர் 9 அன்று, அவர் இறக்காமல் இரண்டாகப் பிரிந்தார். பக்கத்தில் ஷூட்டி கட்வா. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பழைய டாக்டரே புதியவருக்குச் சாட்சி! கேட்க அழகாக இருக்கிறது, பார்க்கவும் அழகாக இருந்தது. ஆனால் அங்கே யாரும் சந்தேகப்படவில்லை, எதுவும் இழக்கப்படவில்லை. பழையவர் ஒரு தோட்டத்தில் நண்பர்களோடு சுகமாக உட்கார்ந்திருக்க, புதியவர் கிளம்பிப் போனார். ரசிகர்களில் பாதிப் பேரின் மனம் அந்தத் தோட்டத்திலேயே தங்கிவிட்டது. கட்வா போன்ற ஒரு நடிகருக்கு முழு மேடையும் கிடைத்திருக்க வேண்டும்.

அவரும் இரண்டு சீசன்களோடு முடித்தார். 2025 மே 31 அன்று அவர் முகம் மாறியபோது தெரிந்தது பில்லி பைப்பர். பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் மட்டும் வந்தது. டாக்டராக என்று போடவில்லை. 20 ஆண்டு முன்பு, திரும்பப் பழையபடி மாற முடியுமா என்று கேட்ட ரோஸின் முகம் அது.

இனி அந்த முடிவை எடுக்க வேண்டியவர்கள் என்னைக் கேட்கப்போவதில்லை. கேட்டால் இதைச் சொல்வேன். பாபிலோன் 5 வழி டாக்டருக்குப் பொருந்தாது, இங்கே நாயகன்தான் தொடர். ஆனால் போகிறவரை வழியனுப்பும் மரியாதையை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது, எமி மாதிரி ஒருத்தியை உருவாக்கத் தெரிந்த எழுத்தாளர் கையில் இருந்தால் மட்டும். பழைய முகம் வேண்டவே வேண்டாம். அது ஒரு வாரத்துக்கு மகிழ்ச்சி தரும், அடுத்து வருபவரின் நாற்காலியைச் சுருக்கிவிடும். பைப்பரின் முகத்தை ஒதுக்கிவிட்டு வேறொருவரைக் கொண்டுவந்தாலும் சரி, அவரையே தொடரவைத்தாலும் சரி, 1966-ன் வழியையே எடுப்பேன். கட்வாவின் டாக்டரை உண்மையாகத் தெரிந்த ஒருத்தி உண்டு, அவருடைய தோழி ரூபி சண்டே. டார்டிஸின் கதவு அடுத்து திறக்கும்போது வெளியே அவள் நிற்கட்டும். இவர் யார் என்று கேட்கட்டும். ஒரு கதை முழுக்க நம்ப மறுக்கட்டும்.